மறுபடியும் போய்ப் பாருங்கள்

பொருளாதாரம் படித்து முடித்து, கொள்கை ஆராய்ச்சி வேலைக்கென்று மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெங்களூருக்கு வருகிற பிள்ளைகள், யாரோ சொல்லிக் கேட்டு என் வீட்டுக்கும் ஒரு நடை வந்து போவதுண்டு. வந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "சார், ஸ்டேட்டா போதுமா, ஆர் கத்துக்கணுமா?" இரண்டு மென்பொருளையும் கற்றுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் முதலில் மைசூர் ரயிலேறி மண்டியாவில் இறங்கச் சொல்வேன்.

மண்டியாவைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பும் நெல்லுமாகத் தெரியும் நிலத்தில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த மானாவாரி பூமி. கே.ஆர்.எஸ். என்று இங்கே எல்லாரும் சொல்லும் கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு 1911இல் வேலை தொடங்கியது. அதிலிருந்து பிரிந்து, இன்று விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஓடுகிற கால்வாய் 1930களில் இந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில் மண்டியாவில் சர்க்கரை ஆலையும் எழுந்தது. மைசூரை முன்மாதிரி சமஸ்தானம் என்று அந்தக் காலத்தில் சொன்னது சும்மா இல்லை.

1954இல் ஸ்கார்லெட் எப்ஸ்டைன் இங்கே வந்து சேர்ந்தார். வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்து போய், பிறகு மானிடவியல் படித்தவர். கால்வாய் வந்ததால் என்ன மாறியது என்று பார்க்க அக்கம்பக்கத்தில் இரண்டு கிராமங்களைத் தேர்ந்தெடுத்துத் தங்கினார். ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று ஒன்றுக்கு வங்கலா, மற்றதற்குத் தலேனா எனப் புனைபெயர் வைத்தார். வங்கலாவின் வயல்களில் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்தது. தலேனாவின் நிலம் மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை.

தண்ணீர் வந்த ஊர் மாறியிருக்கும், வராத ஊர் அப்படியே கிடந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? எப்ஸ்டைன் கண்டது வேறு. வங்கலாவில் கரும்புப் பணம் புரண்டது, வீடுகள் பெரிதாயின. ஆனால் யார் யாருக்கு வேலை செய்வது, விசேஷத்தில் யாருக்கு முதல் மரியாதை, சேரி ஜனம் எங்கே நிற்பது என்பதெல்லாம் பழையபடியே இருந்தன. விவசாயம்தான் தொழில், முன்னைவிட அதிக விளைச்சல், அவ்வளவுதான். தலேனாக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் பணம் புழங்குகிறது, தங்கள் நிலத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. ஆகவே கரும்பு ஆலை போட்டார்கள், மாவு மில் வைத்தார்கள், மாட்டு வண்டி ஓட்டினார்கள், மண்டியா டவுனில் உத்தியோகம் தேடினார்கள். சிலர் பக்கத்து ஊரில் நன்செய் வாங்கினார்கள். வெளியே போய்ச் சம்பாதித்தவன் ஊருக்குள் பழைய கட்டுக்கு அடங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த கொடுக்கல் வாங்கல் உறவு அங்கேதான் முதலில் அறுந்தது.

இதைக் கேட்டதும், "அப்போ தண்ணீர் விடாம இருந்தாலே நல்லதா சார்?" என்று சாமர்த்தியமாகக் கேட்கிற தம்பிகள் உண்டு. அதுவல்ல விஷயம். தலேனா பிழைத்ததே பக்கத்தில் வங்கலா செழித்ததால்தான். கால்வாய் போட்ட எஞ்சினீயரின் வரைபடத்தில் தலேனா பாசனப் பகுதிக்கு வெளியே இருந்த ஊர். பயனாளிகள் பட்டியலில் பெயர் இல்லாத ஊரைப் பார்க்காமல் திட்டம் என்ன செய்தது என்று சொல்ல முடியாது.

நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததை. 1970இல் அந்த அம்மாள் அதே இரண்டு ஊருக்கும் திரும்பி வந்தார். அதே வீடுகள், அதே கேள்விகள். இப்போது இரண்டு ஊரிலும் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே தூரம் கூடியிருந்தது. 1973இல் அதை எழுதினார். 1998இல் சூரியநாராயணா, திம்மேகவுடா இருவரோடும் சேர்ந்து நாற்பது வருடக் கதையாக மறுபடியும் எழுதினார். முதல் புத்தகத்தோடு நிறுத்தியிருந்தால் 'ஈர ஊர், காய்ந்த ஊர்' என்று ஒரு அழகான கதை மட்டும் மிஞ்சியிருக்கும்.

இன்று திட்டத்துக்கு முன் எடுக்கும் பேஸ்லைன், பின் எடுக்கும் எண்ட்லைன் என்று இரண்டு வார்த்தைகள் உங்கள் வாயில் சரளமாக வருகின்றன. இரண்டுக்கும் நடுவே பதினெட்டு மாதம், மிஞ்சிப்போனால் மூன்று வருடம். பணம் கொடுக்கிறவருக்கு அதற்குள் அறிக்கை வேண்டும். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதால் என்ன ஆயிற்று என்று மூன்று வருடத்தில் எப்படித் தெரியும்? அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. சம்பளம் தருகிறவரோடு சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் ஒரு ஊரை வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினாலும், வேறு நிறுவனத்துக்குப் போனாலும், அந்த ஊருக்கு மட்டும் போய்வந்துகொண்டே இருங்கள்.

திரும்பிப் போகும்போது பழைய கேள்வியை மாற்றாமல் கேட்க வேண்டும். இது சொல்லச் சுலபம். நம் நாட்டு வறுமைக் கணக்கே இதில் ஒருமுறை இடறியிருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வில் வீட்டுச் சாப்பாட்டுச் செலவைக் கடந்த 30 நாளுக்குத்தான் கேட்டுவந்தார்கள். 7 நாளுக்குக் கேட்டால் மறதி குறையும் என்று ஒரு சாரார் வாதாடினார்கள். 1999-2000 சுற்றில் சமரசமாக, ஒரே வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள்.

கேள்விப் படிவத்தோடு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அங்கே என்ன நடந்திருக்கும் என்று புரியும். "போன வாரம் எண்ணெய் எவ்வளவு வாங்கினீங்க?" கால் லிட்டர் என்கிறார் அந்த அம்மா. உடனே அடுத்த கட்டத்தில், "போன முப்பது நாள்ல?" அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஒரு லிட்டர் என்கிறார். அது நினைவிலிருந்து வந்த பதில் இல்லை, வாரக் கணக்கை நாலால் பெருக்கியது. முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் ஒத்துப்போக வேண்டுமே என்ற கவலை யாருக்கும் இருக்கும்தானே. இப்படி 30 நாள் கணக்கு வழக்கத்தைவிட ஏறினால், வறுமை குறைந்ததுபோலக் காட்டும். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 1999-2000இல் 26 என்று அரசு அறிவித்தது. அந்தப் பத்துப் புள்ளியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வியின் கைங்கரியம் என்று பெரிய பெரிய தலைகள் பல வருடம் மல்லுக்கட்டின. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்விலும் முறை மாறியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரே தடவை போவதற்குப் பதில் மூன்று தடவை போனார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் 2011-12 எண்ணை அதன் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுப் படம் காட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

பெங்களூரிலேயே இதைச் சரியாகச் செய்த ஒருவரைச் சொல்கிறேன். ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் இயக்குநராக இருந்த சாமுவேல் பால், ஓய்வுக்குப் பிறகு இந்த ஊரில் குடியேறினார். நகரத்து அரசு அலுவலகங்களின் லட்சணத்தை அனுபவித்தபின், 1990களின் தொடக்கத்தில், பொதுமக்களே அரசு அலுவலகங்களுக்கு மதிப்பெண் போடும் ஆய்வு ஒன்றை நடத்தினார். தண்ணீர் வாரியம், மின்வாரியம், மாநகராட்சி, எல்லாரும் ஒற்றை இலக்கத்தில் நின்றார்கள். மனை ஒதுக்கும் பி.டி.ஏ.வுக்குக் கிடைத்தது 1 சதவீதம். பத்திரிகைகள் கொண்டாடின. நம்மில் பலர் அத்தோடு ஒரு கட்டுரை எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்போம். அவர் 1994இல் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற அமைப்பைத் தொடங்கி, 1999இல் மறுபடி கேட்டார், 2003இல் மறுபடி கேட்டார். இரண்டாவதில் கொஞ்சம் நகர்ந்தது, மூன்றாவதில் நன்றாகவே ஏறியது. முதல் மதிப்பெண்ணை அலுவலகங்கள் எப்படியோ விழுங்கிக்கொண்டன. இந்த ஆள் திரும்பத் திரும்ப வருவார் என்பதுதான் அவர்களை அசைத்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் திருப்தி ஒரு வழுக்கலான அளவுகோல். 2024 மார்ச்சில் இந்த ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றியபோது, காவிரிக் குழாய் உள்ள பழைய பேட்டைகளில் ஓரளவு சமாளித்தார்கள். வெளிவட்டத்து 110 கிராமங்கள் மாநகராட்சியில் சேர்ந்தது 2007இல். அவர்களுக்கென்று காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணீர் வந்தது 2024 அக்டோபரில்தான். ஊர் முழுவதற்குமாக ஒரு சதவீதம் போட்டால் ஜெயநகரும் மகாதேவபுராவும் அதில் கரைந்துபோகும்.

அப்படிக் கரையாமல் பார்க்க, எண்ணுவதோடு ஊரில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். இதே பெங்களூரில் நாகரபாவியில் ஐசெக் வளாகம் இருக்கிறது, சமூகப் பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம். 1972இல் அதைத் தொடங்கியவர் வி.கே.ஆர்.வி. ராவ். காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, 1931-32இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் 62 ரூபாய் என்று கணக்கிட்டவர். அவரோடு அங்கே வந்து சேர்ந்தவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி எடுத்த குறிப்புகளையெல்லாம் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் வைத்து எழுத உட்கார்ந்திருந்தபோது, 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் அவர் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த பிரதிகள் போயின. நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதினார். 1976இல் புத்தகமாக வந்தது. எண்ணுகிறவரும் உட்கார்ந்து பார்க்கிறவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். இப்போது எண்ணுகிறவர்கள் ஒரு கட்சி, பார்க்கிறவர்கள் இன்னொரு கட்சி. (குறிப்பேட்டைப் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். சீனிவாஸ் அளவுக்கு நினைவாற்றல் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.)

இனி கர்நாடகத்தின் பெரிய விவகாரத்துக்கு வருகிறேன். வட கர்நாடகம் பின்தங்கியது, தெற்கு முன்னேறியது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த பல்லவி. மாநில உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெங்களூரு நகர மாவட்டத்திலிருந்தே வருவதால் பல்லவி தப்பும் இல்லை. இதை ஆராய 2000இல் பொருளாதார அறிஞர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையில் குழு போட்டார்கள். 2002இல் அறிக்கை வந்தது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், மாவட்டத்தை விட்டுத் தாலுகாவுக்கு இறங்கியது. 35 குறியீடுகளை வைத்து அன்றிருந்த 175 தாலுகாக்களையும் அளந்தார்கள். 114 பின்தங்கியவை, அதிலும் 39 மிகமிகப் பின்தங்கியவை. எட்டு வருடத்தில் 31,000 கோடி ரூபாய் செலவிடச் சொன்னார்கள்.

அந்த 39இல் 21 தாலுகா குல்பர்கா கோட்டத்தில். எதிர்பார்த்ததுதான். ஆனால் 11 தாலுகா பெங்களூரு கோட்டத்துக்குள்ளேயே இருந்தன. கனகபுராவும் மாகடியும் அதில் உண்டு. சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். மாவட்ட சராசரியில் தலைநகரின் நிழலில் அவை மறைந்திருந்தன. 2012இல் அரசியல் சட்டத்தில் 371ஜே பிரிவு வந்து, குல்பர்கா பக்கத்து ஹைதராபாத் கர்நாடக மாவட்டங்களுக்குத் தனிச் சலுகை கிடைத்தது, அது நியாயம். ஆனால் சலுகைக்கு எல்லை மாவட்டமானதும் தாலுகாவின் பேச்சு தணிந்துவிட்டது.

அந்தப் பதினொன்றில் ஒன்று பாவகடா. துமகூரு மாவட்டம்தான், ஆனால் ஆந்திரத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற தாலுகா. மழை கம்மி, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, நிலக்கடலை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வரும் ஜனம். இங்கேதான் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா வந்தது. திருமணி முதலிய ஐந்து கிராமங்களில் ஏறத்தாழ 13,000 ஏக்கர். நிலத்தை அரசு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தது. தொடக்கத்தில் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். நிலம் பறிக்காமல் திட்டம் கொண்டுவர முடியும் என்று நாடு முழுக்க எடுத்துக்காட்டினார்கள். நானும் அதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன், பாதி ஊருக்கு.

மீதிப் பாதியைப் பார்க்க உங்களுக்குப் பஹணி படிக்கத் தெரிய வேண்டும். கர்நாடகத்தில் நில உரிமைச் சீட்டுக்கு அதுதான் பெயர். கையில் ஒன்று கிடைத்தால் விஸ்தீரணத்தை ஏக்கர்-குண்டேயில் பாருங்கள். 40 குண்டே ஒரு ஏக்கர். ஒன்பதாவது கட்டத்தில் உடையவர் பெயர். பதினொன்றில் கடன், அடமானம். பன்னிரண்டில் பயிர், அதோடு சாகுபடி செய்கிறவர் பெயர். ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு இந்த மூன்று கட்டத்தில் இருக்கும். யார் எந்த வங்கியில் கடன் வாங்கினார், உடையவரும் உழுகிறவரும் வேறா என்பதெல்லாம் அதிலேயே தெரியும்.

நம் ஊரில் கர்ணம் வைத்திருந்த கணக்கை இங்கே ஒரு காலத்தில் ஷானுபோகர் வைத்திருந்தார். பிறகு கிராமக் கணக்கர் வந்தார். கையெழுத்துப் பஹணி கொடுக்க அவர் தயவு வேண்டும். 2000ஐ ஒட்டிய வருடங்களில் பூமி என்ற திட்டத்தில் சுமார் 2 கோடி ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய்க்கு அச்சடித்துக் கொடுத்தார்கள். லஞ்சம் ஒழிந்தது, காத்திருப்பு குறைந்தது என்று உலக வங்கி முதல் எல்லாரும் பாராட்டினார்கள். சீட்டு வாங்குகிற வரிசையில் நின்று கேட்டால் அது உண்மைதான். சில வருடம் கழித்து ஆய்வாளர் சாலமன் பெஞ்சமினும் அவருடைய கூட்டாளிகளும் வேறு இடத்தில் போய்க் கேட்டார்கள். ஊருக்குள் பேசித் தீர்ந்த விவகாரமெல்லாம் தாலுகாவுக்குப் போனபிறகு, பெங்களூரைச் சுற்றி நிலம் சேர்க்கிற பெரிய கைகளுக்குத்தான் அது சௌகரியமாயிற்று, லஞ்சமும் இடம் மாறிக் கூடியது என்று 2007இல் எழுதினார்கள். இரண்டு ஆய்வும் பொய்யில்லை. எந்தக் கவுன்டர் முன்னால் நின்று, எந்த வருடம் கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பாவகடாவில் குத்தகைப் பணம் ஒன்பதாவது கட்டத்துக்குப் போகிறது. அந்த நிலத்தில் களை பறித்தவள், ஆடு மேய்த்தவன், கூலிக்குக் கடலை பிடுங்கியவள், இவர்கள் பஹணியின் எந்தக் கட்டத்திலும் இல்லை. நிலக்காரருக்கு மழையை நம்பாத வருமானம் கிடைத்தது. இவர்களுக்கு வேலை போனது, மேய்ச்சல் வேலிக்குள் போனது. பிறகு போய்ப் பார்த்த ஆய்வாளர்களும் நிருபர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தலேனாபோல இவர்கள் வேறு தொழில் கண்டுபிடித்துத் தலைநிமிர்வார்கள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். தலேனாவில் மில் வைத்தவர்களுக்கு விற்கவோ அடகு வைக்கவோ புன்செயாவது இருந்தது.

2024இல் பேராசிரியர் கோவிந்த ராவ் தலைமையில் வட்டார ஏற்றத்தாழ்வு பற்றிப் புதிய குழு அமைத்தார்கள். ஐசெக்கின் பழைய இயக்குநர், 14ஆவது நிதிக்குழுவில் இருந்தவர். நஞ்சுண்டப்பா சொன்னதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பதும் அவர்களுக்குக் கொடுத்த வேலை. இப்படிப்பட்ட வேலைகளில் கணக்குப் போட உங்களில் சிலரைக் கூப்பிடுவார்கள், போங்கள். தாலுகா வருமானத்தைக் கணக்கிடும்போது பாவகடாவின் எண் எகிறும். மின்சாரம் விற்ற மதிப்பு அந்தத் தாலுகாவில் ஏறும், விற்றவருக்கு ஆபீஸ் வேறு ஊரில் இருக்கும். அந்த எண்ணை அப்படியே அட்டவணையில் போடாமல் பக்கத்தில் விவசாயக் கூலி எவ்வளவு, வேலை கிடைத்த நாள் எவ்வளவு, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று மூன்று கட்டம் கூடச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டேன் என்றால் உங்கள் நோட்டிலாவது எழுதி வையுங்கள், அடுத்த குழுவுக்கு ஆகும்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து பாவகடாவுக்கு அரசு பஸ் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் திண்ணையில் ஆள் இருக்காது. நில உடைமைக்காரர் வீட்டுக் காபி குடித்த கையோடு கூலிக்காரர் தெருவுக்குப் போகாதீர்கள். அங்கே முதலில் போய்விட்டுப் பிறகு இங்கே வாருங்கள். கன்னடம் மட்டும் போதாது. அந்தப் பக்கம் தெலுங்கும் வேண்டும்.